கொலையை ஒளிபரப்பும் ஷோ: இந்தப் படங்கள் எதைக் குறிவைக்கின்றன?

2021 செப்டம்பரில் வெளியான ஸ்குவிட் கேம் தொடர், கடனில் மூழ்கிய 456 பேரைப் பரிசுப் பணத்தைக் காட்டி மரண விளையாட்டில் இறக்கிவிடும் ஓர் அமைப்பைக் கண்டித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில், அதே நெட்ஃபிளிக்ஸ் அதே பச்சை உடை, அதே ராட்சத பொம்மை, அதே 456 என்ற எண்ணிக்கையோடு ஒரு நிஜப் போட்டியை வெளியிட்டது. பரிசு 45.6 லட்சம் டாலர். யாரும் சாகவில்லை. ஆட்டமிழந்தவரின் சட்டைக்குள் பொருத்திய மைப் பை வெடிக்கும், அவர் கீழே விழுவார், அவ்வளவுதான்.

பார்வையாளர்களுக்குக் குழப்பம் அங்கேதான் தொடங்கியது. எந்த வகை நிகழ்ச்சியைத் தொடர் சாடியதோ அதே வகை நிகழ்ச்சியாக அது எப்படி மாற முடிந்தது? மனித வேட்டையை ஒளிபரப்பும் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய தி ரன்னிங் மேன் படம் 2025 நவம்பரில் புதிய வடிவில் திரைக்கு வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது: இப்படிப்பட்ட படங்கள் வன்முறையைக் கண்டிக்கின்றனவா, விற்கின்றனவா?

பதில் தேடுவதற்கு முன், இவை எதைக் கேலி செய்கின்றன என்பதைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொலை கண்ணில் முதலில் படுவதால் இவற்றைக் கொலையைப் பற்றிய படங்கள் என்றே நினைக்கிறோம். இவற்றில் நல்லவை எல்லாம் வேறொன்றைப் பற்றியவை: ஒரு மனிதரை மாட்டிவிட்டு, "அவராகத்தானே வந்தார்" என்று எல்லோரையும் நம்பவைக்கும் தொழில்நுட்பம்.

அடிப்படை: ரியாலிட்டி ஷோ எப்படித் தயாராகிறது

நடிகர்களோ எழுதிய வசனமோ இல்லாமல், சாதாரண மனிதர்களை ஒரு சூழலுக்குள் வைத்துப் படம்பிடித்து, அதைக் கதையாகத் தொகுத்துத் தருவதுதான் ரியாலிட்டி ஷோ. அமெரிக்காவில் இது வளர்ந்ததற்குப் பணமும் ஒரு வேலைநிறுத்தமும் முக்கியக் காரணங்கள். 1988-ல் அங்கே திரைக்கதை எழுத்தாளர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுத்தாளரே தேவைப்படாத நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் தேடின. போலீஸ்காரர்களோடு கேமராவை அனுப்பி எடுத்த காப்ஸ் 1989 மார்ச்சில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. 1997-ல் சுவீடனில் எக்ஸ்பெடிஷன் ராபின்சன், 1999-ல் நெதர்லாந்தில் பிக் பிரதர், 2000-ல் அமெரிக்காவில் சர்வைவர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சர்வைவர் முதல் சீசனின் கடைசி எபிசோடை 5 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வசனம் எழுதப்படவில்லை என்பதால் கதை இல்லை என்று ஆகிவிடாது. கதை இரண்டு இடங்களில் உருவாகிறது. ஒன்று ஆள் தேர்வு: யாரோடு யார் மோதுவார் என்று கணக்குப் போட்டே ஆட்களை எடுப்பார்கள். இன்னொன்று எடிட்டிங் மேசை.

எடிட்டிங்கில் நடப்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு போட்டியாளர் தனி அறையில் கேமராவைப் பார்த்து, "எனக்கு அவரை நினைத்தால் பயமாக இருக்கிறது, நீச்சலில் அவரை ஜெயிக்கவே முடியாது" என்கிறார். பாராட்டாகச் சொன்ன பேச்சு. பின்பாதியை வெட்டிவிட்டு, முன்பாதியின் அடியில் கனத்த இசையை வைத்து, "அவர்" சமையலறையில் கத்தியோடு நிற்கும் காட்சியைப் பக்கத்தில் ஒட்டினால் ஒரு வில்லன் பிறந்துவிடுகிறார். வெவ்வேறு நாள்களில் பேசிய துண்டுகளை ஒட்டி ஒரே வாக்கியமாக்கும் வேலைக்கு அந்தத் தொழிலில் ஃபிராங்கன்பைட் என்றே பெயர் உண்டு. படத்தில் முகம் தெரியாமல் குரல் மட்டும் ஓடும் இடங்களைக் கவனித்தால், அங்கே ஒட்டு இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

இதற்கெல்லாம் அனுமதி தருவது ஒப்பந்தம். தன்னைப் பொய்யாகச் சித்தரித்தாலும் வழக்குத் தொடுக்க மாட்டேன் என்பது வரை அதில் எழுதி வாங்குவது உண்டு. சம்மதம் என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் உள்ள பொருள் அந்தக் கையெழுத்துதான்.

இந்தக் கதை ரியாலிட்டி ஷோவைவிட மூத்தது

மனித வேட்டையைத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் என்ற கற்பனை, ரியாலிட்டி ஷோ என்ற பெயரே புழக்கத்துக்கு வராத காலத்தில் எழுதப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஷெக்லி 1958-ல் எழுதிய ஒரு சிறுகதையில், ஒருவர் ஒரு வாரம் கொலைகாரர்களிடமிருந்து தப்பி ஓட வேண்டும். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்க்கும். அந்தக் கதையை வைத்து மேற்கு ஜெர்மனியில் தாஸ் மில்லியோனன்ஷ்பீல் என்ற தொலைக்காட்சிப் படம் எடுத்தார்கள். 1970 அக்டோபர் 18 அன்று ஒளிபரப்பானது. பரிசு 10 லட்சம் மார்க்.

எடுத்த விதத்தில்தான் அதன் துணிச்சல் இருக்கிறது. நிஜ வாழ்க்கையில் பிரபலத் தொகுப்பாளராக இருந்த டீட்டர் தோமஸ் ஹெக்கையே தொகுப்பாளராக நடிக்க வைத்தார்கள். நடுநடுவே போலி விளம்பரங்கள், தெருவில் பொதுமக்களின் பேட்டிகள் எல்லாம் வந்தன. நிகழ்ச்சியை நிஜம் என்று நம்பித் தொலைபேசியில் கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். அடுத்த முறை தாங்களும் ஓட விரும்புவதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். இந்த இரண்டாவது வகை அழைப்புகள்தான் என்னைத் தொந்தரவு செய்கின்றன. நையாண்டி என்ன சொல்ல வந்ததோ அதை அந்த அழைப்புகளே நிரூபித்துவிட்டன, அதுவும் ஒளிபரப்பு நாளிலேயே.

1976-ல் சிட்னி லூமெட் இயக்கிய நெட்வொர்க் என்ற படம் வேறு வழியில் வந்தது. அதில் வேட்டை இல்லை. ரேட்டிங் விழுந்ததால் செய்தி வாசிப்பாளர் ஒருவரை நேரலையிலேயே சுட ஏற்பாடு செய்யும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். அந்த முடிவை எடுக்கும் கூட்டம் வழக்கமான அலுவலகக் கூட்டம் போலவே நடக்கிறது. யாரும் குரலை உயர்த்துவதில்லை. பிற்காலப் படங்கள் இரத்தத்தைச் சேர்த்தன. அந்த அறையின் நிதானத்தைத் தாண்டிப் போனவை குறைவு.

சீரீஸ் 7: கிட்டப் போய்ப் பார்த்தால்

இந்த வகையில் மிகக் கச்சிதமான படம் என்று நான் சொல்வது, டேனியல் மினஹான் இயக்கி 2001-ல் வெளியான சீரீஸ் 7: தி கன்டென்டர்ஸ். சர்வைவர் தொடங்கி ஓராண்டு முடிவதற்குள் வந்தது. குறைந்த செலவில் வீடியோவில் எடுத்த படம், பெரிய வசூல் எதுவும் இல்லை.

படத்தின் விதி எளிது. குலுக்கலில் ஐந்து பேர் தேர்வாவார்கள். ஏற்கெனவே ஜெயித்து நிற்கும் சாம்பியனோடு சேர்த்து ஆறு பேர். ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். ஒவ்வொருவர் பின்னாலும் கேமரா வரும். இடம், கனெக்டிகட் மாநிலத்தில் கற்பனையான ஒரு சிற்றூர்.

சாம்பியன் டான் (புரூக் ஸ்மித்) எட்டு மாதக் கர்ப்பிணி. முதல் காட்சியில் ஒரு சிறு கடைக்குள் நுழைந்து அங்கே நிற்கும் ஒருவரைச் சுடுகிறாள். அடுத்த நொடி கடைக்காரரிடம், நொறுக்குத்தீனிக்குத் தொட்டுக்கொள்ளும் பீன்ஸ் டிப் இருக்கிறதா என்று கேட்கிறாள். குரல் உயரவில்லை, கை நடுங்கவில்லை. வந்த வேலை முடிந்தது, பசிக்கிறது. இந்த ஒரு நிமிடத்தில் படம் தன் உலகத்தை முழுவதுமாக நிறுவிவிடுகிறது. யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை என்பதிலிருந்தே இது சட்டப்படி நடக்கும் விஷயம் என்று புரிந்துகொள்கிறோம்.

மற்றவர்களில் ஒருத்தி 18 வயதுப் பெண். அவளுடைய பெற்றோர் அவளைக் காரில் ஏற்றிக் கொலைக்குக் கூட்டிப்போகிறார்கள். பள்ளிப் போட்டிக்குப் பிள்ளையை அழைத்துப்போகும் பெற்றோரின் அதே அக்கறை, அதே ஊக்கப் பேச்சு. இன்னொருவர் மருத்துவமனைச் செவிலி. உயிர் காக்கும் கையாலேயே கொல்கிறாள். ஜெஃப் என்பவனுக்குப் புற்றுநோய், சாகத்தான் விரும்புகிறான். அவன் டானின் பள்ளிக் காலக் காதலன். நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல கதைத் திருப்பம் கிடைக்காது என்பதால், குலுக்கல் நிஜமான குலுக்கல்தானா என்ற சந்தேகம் நமக்கு வருகிறது. படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பேசாமல் இருப்பதுதான் இதன் முறை. முழுப் படமும் அந்த நிகழ்ச்சியின் எபிசோடுகளைத் தொடர்ச்சியாக ஒளிபரப்புவது போலவே ஓடுகிறது. வில் ஆர்னெட்டின் பரபரப்பான பின்னணிக் குரல், இடைவேளைக்கு முன் வரும் ப்ரோமோ, "முன்பு நடந்தவை" தொகுப்பு என எல்லாம் உண்டு. நிகழ்ச்சிக்கு வெளியே ஒரு காட்சிகூட இல்லை. தயாரிப்பாளரின் முகத்தைக் காட்டுவதில்லை. இதை எந்த அரசு அனுமதித்தது என்று சொல்வதில்லை. "இது தவறு" என்று பேசும் நல்லவர் ஒருவர்கூட வருவதில்லை. வேறு படங்களில் நாம் அந்த நல்லவர் பக்கம் போய் ஒதுங்கிக்கொள்வோம். இங்கே ஒதுங்க இடமில்லை.

கடைசிப் பகுதியில் இந்த முறை உச்சத்துக்குப் போகிறது. (படத்தைப் பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) டானும் ஜெஃபும் நிகழ்ச்சியையே எதிர்த்துத் திரும்புகிறார்கள். அதுவரை ஒவ்வொரு மூச்சையும் பதிவுசெய்த நிகழ்ச்சி, சரியாக அந்த இடத்தில், அசல் காட்சிகள் கையில் இல்லை என்கிறது. பதிலுக்கு வேறு நடிகர்களை வைத்து நடித்துக்காட்டிய காட்சிகளை ஒளிபரப்புகிறது. கலகம் நடந்ததா, எப்படி நடந்தது, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நமக்குத் தெரியவே தெரியாது. ஒன்றரை மணி நேரம் பார்த்த மற்றதெல்லாம் எவ்வளவு நிஜம் என்ற கேள்வி அப்போதுதான் உறைக்கிறது.

சம்மதம் எப்படித் தயாராகிறது

இந்த வகைப் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், போட்டியாளர் "தானாக வந்தவர்" ஆவதற்குச் சில படிகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

1. வேறு வழி இல்லாதவரைத் தேர்ந்தெடுப்பது. ஸ்குவிட் கேமில் இது வெளிப்படையாகவே வருகிறது. போட்டியாளர்கள் பெரும்பான்மை வாக்களித்து முதல் ஆட்டத்துக்குப் பிறகு வெளியேறிவிடுகிறார்கள். வெளியே கடன்காரர்களும் நோயும் காத்திருக்க, பெரும்பாலோர் தாங்களாகவே திரும்பி வருகிறார்கள். கதவு திறந்திருந்தது என்பது உண்மை. அது எந்த உலகத்துக்குத் திறந்திருந்தது என்பதை ஒப்பந்தம் கேட்பதில்லை.

2. விதிகளை இனிமையாகச் சொல்வது. கிஞ்சி ஃபுகாசாகு 2000-ல் எடுத்த ஜப்பானியப் படமான பேட்டில் ராயலில், ஒரு வகுப்பு மாணவர்கள் மூன்று நாளில் ஒருவர் மிஞ்சும்வரை கொல்ல வேண்டும். அதை அவர்களுக்கு விளக்குவது ஒரு வீடியோ. அதில் துள்ளலான ஓர் இளம்பெண், குழந்தைகள் நிகழ்ச்சித் தொகுப்பாளர் போலச் சிரித்துக்கொண்டே, கழுத்துப் பட்டை எப்போது வெடிக்கும் என்று சொல்கிறாள். கிண்டலுக்காகச் சேர்த்த காட்சி என்று தோன்றலாம். நிஜத்தில் அதிகாரம் பெரும்பாலும் இந்தக் குரலில்தான் பேசுகிறது. ஃபுகாசாகு 15 வயதில், போர்க்காலத்தில், ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்கு அனுப்பப்பட்டவர். குண்டுவீச்சில் நண்பர்கள் சாவதைப் பார்த்தவர். பெரியவர்களின் உற்சாக வார்த்தைகளை அவர் நம்பாததற்குக் காரணம் இருந்தது.

3. பார்வையாளருக்கு ஒரு வேலை கொடுப்பது. 1987-ல் வந்த தி ரன்னிங் மேன் படத்தில், அடுத்து எந்த வேட்டைக்காரரை அனுப்பலாம் என்று அரங்கில் இருப்பவர்களைத் தேர்வுசெய்யச் சொல்கிறார்கள். தேர்ந்தெடுத்தவருக்குப் பரிசு. பதின்வயதினரை ஒருவரையொருவர் கொல்லவிட்டு ஒளிபரப்பும் கதையான ஹங்கர் கேம்ஸில் பணம் உள்ள ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த போட்டியாளருக்கு மருந்து அனுப்பலாம். அதனால் உயிர்பிழைக்கக் காதலை நடித்துக்காட்ட வேண்டிவருகிறது. ஓட்டுப் போட்டவரும் மருந்து அனுப்பியவரும் அதற்குப் பிறகு வெறும் பார்வையாளர்கள் இல்லை, பங்காளிகள்.

4. பிறகு எடிட்டிங். அதே 1987 படத்தில், பசியால் திரண்ட கூட்டத்தின் மீது சுட மறுத்த காவல்துறை விமானியை, காட்சிகளை மாற்றி ஒட்டி, கூட்டத்தைக் கொன்றவனாகக் காட்டுகிறார்கள். மக்கள் அவனை வெறுப்பது போலி வெறுப்பு இல்லை; பார்த்ததை வைத்து வெறுக்கிறார்கள். தொகுப்பாளராக நடித்த ரிச்சர்ட் டாசன், நிஜத்திலும் ஃபேமிலி ஃபியூட் என்ற தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்தியவர் என்பதால், அந்தச் சிரிப்பைப் பார்வையாளர்கள் ஏற்கெனவே பழகியிருந்தார்கள்.

கண்டிக்கும் படமே கேளிக்கையாகும் சிக்கல்

சரி, இவ்வளவு தெளிவாகச் சொல்லும் படங்கள் ஏன் விளையாட்டுப் போட்டியாகவும் பொம்மையாகவும் மாறிவிடுகின்றன?

நையாண்டி தான் தாக்கும் பொருளைப் போலவே தோற்றம் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடி சரியாக விழாது. கவர்ச்சியான ஷோவைத் தாக்க வேண்டுமானால் கவர்ச்சியான ஷோவைக் கட்டிக்காட்ட வேண்டும். கட்டி முடித்ததும் அதன் உடை, இசை, விதிகள் எல்லாம் தனியாக எடுத்து விற்கக்கூடிய பொருள்களாகிவிடுகின்றன. கண்டனத்தை மட்டும் எடுத்து விற்க முடியாது, அதனால் அது பின்தங்கிவிடுகிறது.

இதில் எல்லாப் படங்களும் ஒரே அளவுக்கு மாட்டுவதில்லை. நாயகன் ஜெயித்துத் தீயவரை வீழ்த்தும் கதை சீக்கிரம் மாட்டுகிறது. தி ரன்னிங் மேன் முதல் படத்தில் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் வேட்டைக்காரர்களைக் கொல்லும்போது அரங்கத்துக் கூட்டம் மெல்ல அவர் பக்கம் கைதட்டத் தொடங்குகிறது. திரையரங்கில் இருப்பவரும் கைதட்டுகிறார். நிகழ்ச்சி தோற்றது என்று படம் சொல்கிறது, ஆனால் நிகழ்ச்சி தர வேண்டிய மகிழ்ச்சி முழுவதும் நமக்குக் கிடைத்துவிட்டது. சீரீஸ் 7 அந்த மகிழ்ச்சியைத் தர மறுக்கிறது. அது பெரிய வெற்றி பெறாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அதன் பச்சை உடையை யாரும் வாங்கிப் போட்டுக்கொள்ள முடியாது. அப்படி ஓர் உடையே அதில் இல்லை.

கேமரா முன் கீழ்ப்படிதல்

நிஜ மனிதர்கள் இவ்வளவு தூரம் போவார்களா என்ற சந்தேகத்துக்கு ஓரளவு பதில் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனை பலருக்குத் தெரிந்ததே. தவறான பதிலுக்கு மின்னதிர்ச்சி தரச் சொன்னபோது, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று குறித்த கடைசி விசை வரை போனார்கள். அதிர்ச்சி போலி, அது அவர்களுக்குத் தெரியாது.

2010 மார்ச்சில் பிரான்ஸ் 2 தொலைக்காட்சி ஓர் ஆவணப்படத்தில் இதையே போலி வினாடி வினா நிகழ்ச்சியாக நடத்தியது. ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கிக்குப் பதில் ஒரு பெண் தொகுப்பாளர். கூடவே அரங்கம் நிறையப் பார்வையாளர்கள். கலந்துகொண்ட 80 பேருக்கும் இது முன்னோட்டப் பதிவு என்று சொல்லியிருந்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர் கடைசி வரை போனார்கள், எதிர்முனையில் இருந்த நடிகரின் அலறல் நின்றுபோன பிறகும். தொகுப்பாளர் மேடையை விட்டு வெளியேறிய இன்னொரு வடிவத்தில் இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

இந்தச் சோதனையின் முறை குறித்து விவாதம் உண்டு. தொலைக்காட்சிக்காக எடுத்தது, தொலைக்காட்சியில் எடிட் செய்தது. இருந்தாலும் தொகுப்பாளர் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையிலான அந்த வித்தியாசம் முக்கியமானது. கொடூரமான ஆட்களால் இது நடக்கவில்லை. நிகழ்ச்சி ஓட வேண்டும், தன்னால் அது நின்றுவிடக் கூடாது என்ற கூச்சமே பலரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

எது நடந்தது, சட்டம் எங்கே வந்தது

ஒளிபரப்புக் கொலை எந்த நாட்டிலும் வரவில்லை. ஆனால் உயிர்கள் போயிருக்கின்றன, கேமரா அணைந்த பிறகு. எக்ஸ்பெடிஷன் ராபின்சனின் முதல் சீசனிலேயே, முதலில் வெளியேற்றப்பட்டவர் நிகழ்ச்சி ஒளிபரப்பாவதற்கு முன் தற்கொலை செய்துகொண்டார். பிரிட்டனில் ஜெரமி கைல் ஷோ, பங்கேற்ற ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து 2019 மே மாதம் நிறுத்தப்பட்டது. ஜப்பானில் டெரஸ் ஹவுஸ் நிகழ்ச்சியில் இருந்த இளம் மல்யுத்த வீராங்கனை, ஒரு சிறு சச்சரவு ஒளிபரப்பானதற்குப் பிறகு இணையத்தில் குவிந்த வசைகளைத் தாங்காமல் 2020-ல் உயிரை விட்டார்.

இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் விதிகள் அசைந்தன. பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம், 2021 ஏப்ரல் 5 முதல் பங்கேற்பாளர் நலனில் உரிய அக்கறை காட்டுவதையும் ஆபத்துகளை முன்கூட்டியே சொல்வதையும் கட்டாயமாக்கியது. 2023-ல் லவ் ஐலண்ட் என்ற பிரிட்டிஷ் டேட்டிங் நிகழ்ச்சியின் போட்டியாளர்களின் சமூக ஊடகக் கணக்குகள் நிகழ்ச்சி முடியும்வரை முடக்கிவைக்கப்பட்டன. ஜப்பான் 2022 ஜூலையில் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையை ஓராண்டுச் சிறை அல்லது 3 லட்சம் யென் அபராதம் வரை உயர்த்தியது. அதற்கு முன் அதிகபட்ச அபராதம் 10,000 யென்னைக்கூட எட்டவில்லை.

ஜப்பானின் சட்டம் வசைபாடிய பார்வையாளரைத் தண்டிக்கிறது. அந்தச் சச்சரவைத் தேர்ந்தெடுத்து வெட்டி ஒட்டிய எடிட்டிங் மேசையை அது தொடுவதில்லை. எந்தத் துண்டை வைப்பது, எதைத் தூக்குவது என்ற உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமே இருக்கிறது. ஒருவர் பேசிய இரண்டு பாதி வாக்கியங்களை ஒட்டினால் அதைத் திரையில் சொல்ல வேண்டும் என்ற சிறு விதிகூட நான் அறிந்தவரை நடைமுறையில் இல்லை. அது வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பந்தத்தின் பக்கம் மட்டும் ஓர் அசைவு தெரிகிறது. லவ் இஸ் பிளைண்ட் என்ற அமெரிக்க டேட்டிங் நிகழ்ச்சியில் பங்கேற்ற ஒருவர் 2022-ல் தொடுத்த வழக்கில், படப்பிடிப்பு முடிவதற்குள் வெளியேறினால் 50,000 டாலர் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் மிரட்டியதாகக் குற்றம்சாட்டினார். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் அதே நிகழ்ச்சி மீது பதிவுசெய்த புகாரில், போட்டியாளர்களைத் தொழிலாளர்கள் என்றே வகைப்படுத்தியது. அந்த வாதம் நிலைத்தால், போட்டியாளர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைக்கலாம், ஊதியத்துக்கும் வேலை நேரத்துக்கும் பேரம் பேசலாம்.